அவைக்கு அஞ்சிய மாணாக்கர்

வையையின் வடகரையில் தறியோசையோடு வளர்ந்த ஊர் செல்லூர். அங்குள்ள பள்ளிகளிலும், அவற்றைப் போன்று தமிழ்நாடெங்கும் உள்ள பள்ளிகளிலும், ஆண்டு விழாத் தோறும் காணக்கிடைக்கும் காட்சியொன்று நேயர்களுக்குப் புதிதன்று. சிறுவன் ஒருவன் மேடை ஏறுகிறான். யாரோ எழுதிக் கொடுத்த பிரசங்கத்தை இரண்டு வாரம் உருப்போட்டிருக்கிறான். அவையோரை விளித்து முதல் இரண்டு வாக்கியங்களையும் மடமடவென்று ஒப்பித்துவிடுகிறான். மூன்றாவது வாக்கியம் வரவில்லை. கண் இருள்கிறது, கால் நடுங்குகிறது, நா மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளுகிறது. சபையில் ஒரு சிரிப்பு எழுகிறது. சிரித்தவர்கள் ஐந்து நிமிஷத்தில் அதை மறந்துவிடுகிறார்கள். சிறுவனோ ஐம்பது வருஷமானாலும் மறப்பதில்லை.

இதனைச் சிறு விஷயமென்று தள்ளுவதற்கில்லை. அன்று நா அடங்கிய சிறுவனே பின்னர் நேர்முகத் தேர்வில் தெரிந்ததைச் சொல்லமாட்டாமல் வீடு திரும்பும் வாலிபன் ஆகிறான். தன் தெருவுக்குக் குடிநீர் வராத குறையை ஊர்க் கூட்டத்தில் எடுத்துச் சொல்ல நாணிக் கடைசி வரிசையில் நின்றுவிட்டு வருபவனும் அவனே. கூலி குறைத்துக் கொடுக்கப்பட்டாலும் வாய் திறவாமல் வாங்கிக்கொண்டு போகிறான். ஜனங்களின் ஆட்சி என்பது ஜனங்கள் பேசுவதைக் கொண்டே நடைபெறுவது. பேசத் தெரிந்த சிலர் பேச, தெரியாத பலர் கேட்டுக்கொண்டிருப்பார்களாயின், ஆட்சி அந்தச் சிலருடையதே ஆகும். திருவள்ளுவனார் பொருட்பாலில் அவையஞ்சாமைக்கென்று ஓர் அதிகாரத்தையே ஒதுக்கி வைத்தது, அது நாட்டு வாழ்வைச் சார்ந்த குணம் என்பதனாலன்றோ?

சபைக் கூச்சம் பிறவியிலேயே அமைந்த குறை, அதற்கு மருந்தில்லை என்று கருதும் மாணாக்கர் பலர். அவர்களுக்காக ஒரு சரித்திரத்தை இன்று எடுத்துரைக்க விரும்புகிறோம். நாடறிந்த சரித்திரந்தான்; ஆயினும் அதன் இந்தப் பகுதியை நம் மேடைகளில் அதிகமாகக் கேட்பதில்லை. கோடிக்கணக்கான மக்களைத் தம் சொல்லால் எழுப்பிய காந்தியடிகள், தம் வாலிப வயதில், நான்கு பேர் முன்னிலையில் எழுந்து நின்று பேச அஞ்சியவர்.

1869ஆம் வருஷம் அக்டோபர் 2ஆம் தேதி போர்பந்தரில் பிறந்த மோகனதாசர் இருட்டுக்கு அஞ்சினார். பேய்க்கும் திருடனுக்கும் பாம்புக்கும் அஞ்சினார். விளக்கில்லாத அறையில் அவருக்குத் தூக்கம் வராது. ராஜகோட்டையில் படித்த நாட்களில், பள்ளி மணி அடித்ததும் ஓட்டமாக வீட்டுக்கு ஓடிவிடுவார். விளையாட்டு ஆசையால் ஓடினாரல்லர். நின்றால் எவரேனும் பேச்சுக் கொடுப்பார்களே, பரிகாசம் செய்வார்களே என்ற அச்சமே அவரை ஓட்டியது. 1888இல் அவர் பாரிஸ்டர் படிப்புக்காகச் சீமைக்குப் புறப்பட்டபோது, பள்ளி மாணாக்கர் கூடி வழியனுப்பு உபசாரம் நடத்தினர். நன்றி கூறச் சில வார்த்தைகளை எழுதிக்கொண்டு போயிருந்தார். அவற்றை வாசிப்பதற்குள் தலை சுழன்றது. உடல் முழுவதும் நடுங்கியது. வயதோ பதினெட்டு நிரம்பி, பத்தொன்பதை நெருங்கிக்கொண்டிருந்தது.

கப்பலிலும் அப்படியே. பிறரோடு பேச வேண்டியிருக்குமே என்று உணவையும் அறைக்குள்ளேயே முடித்துக்கொண்டார். வக்கீல் தொழிலுக்குப் போகிறவர் நாலு பேரோடு பழக வேண்டாமா என்று உடன் வந்த ஜூனாகட் வக்கீல் மஜும்தார் இடித்துரைத்தும் பயனில்லை.

லண்டன் சேர்ந்ததும், பேச்சு வன்மையைக் காசு கொடுத்து வாங்கிவிடலாம் என்ற எண்ணம் அவருக்கு உண்டாயிற்று. நாகரிகக் கனவானாக வேண்டுமென்று நடனம் பயின்றார், பிடில் வாங்கினார், அதனோடு, ஒரு கினி கட்டணம் செலுத்திப் பேச்சுக்கலை ஆசிரியர் ஒருவரையும் அமர்த்திக்கொண்டார். பெல் என்பாருடைய பேச்சுப் பயிற்சி நூலைப் பாடமாக வைத்து, ஆங்கில மந்திரி பிட் செய்த பிரசங்கம் ஒன்றிலிருந்து பாடம் தொடங்கியது. பிறர் சொல்லை, பிறர் குரலில், பிறர் கையசைவோடு ஒப்பித்தல்! இரண்டு மூன்று பாடங்களிலேயே அவருக்குத் தெளிவு பிறந்தது. வாழ்நாள் முழுவதையும் இங்கிலாந்தில் கழிக்கப் போவதில்லை. பின் இந்த அலங்காரம் எதற்கு? ஆசிரியருக்கு மன்னிப்புக் கடிதம் எழுதிவிட்டுப் பயிற்சியை நிறுத்திக்கொண்டார். இந்நாளில் குறுகிய காலத்தில் மேடைப் பேச்சாளராக்குவோம் என்று விளம்பரம் செய்யும் வகுப்புகளுக்குப் பணம் கட்ட நினைக்கும் பெற்றோர், அந்த ஒரு கினியின் கதையை நினைவில் வைத்துக்கொள்வது நலம்.

பின்னர் லண்டன் சைவ உணவுச் சங்கத்தின் நிர்வாகக் குழுவில் அங்கத்தினரானார். கூட்டந் தவறாமல் போவார், வாய் திறக்கமாட்டார். தனியே இருக்கும்போது நன்றாகப் பேசுகிறாயே, குழுவில் ஊமையாக இருப்பானேன் என்று டாக்டர் ஓல்ட்பீல்டு என்ற நண்பர் கேலி செய்ததுண்டு. இந்நிலையில் ஒரு நியாயப் பிரச்சினை எழுந்தது. டாக்டர் அல்லின்ஸன் என்ற அங்கத்தினர் கர்ப்பத்தடையை ஆதரித்துப் பிரசாரம் செய்தார். அதனை ஒழுக்கக்கேடு எனக் கருதிய சங்கத் தலைவர் ஹில்ஸ், அவரை நீக்கப் பிரேரணை கொண்டு வந்தார். காந்திக்கும் அல்லின்ஸன் கொள்கை உடன்பாடன்று. ஆயினும், புலால் உண்ணாமையை நோக்கமாகக் கொண்ட சங்கம், வேறொரு விஷயத்தில் கொண்ட அபிப்பிராயத்திற்காக ஒருவரை வெளியேற்றுவது முறையன்று என்று அவருக்குப் பட்டது. அதை எழுதியும் வைத்தார். எழுந்து வாசிக்கத் துணிவு வரவில்லை. வேறொருவரே அதை வாசித்தார். பிரேரணை நிறைவேறியது, அல்லின்ஸன் நீக்கப்பட்டார்.

இவ்விடத்தில் நேயர்கள் சற்று நிற்க வேண்டும். சபைக் கூச்சத்தால் நஷ்டமடைபவன் கூச்சமுள்ளவன் மட்டுமல்லன். அவன் எழுந்து பேசியிருந்தால் யாருக்கு நியாயம் கிடைத்திருக்கக்கூடுமோ, அவனும் நஷ்டமடைகிறான். கட்சிக்காரனுக்காக வாதாடும் தொழிலில் பல்லாண்டு பழகிய நாம் இதை நன்கு அறிவோம்.

தோல்விகள் தொடர்ந்தன. வெண்ட்னர் என்ற கடற்கரை ஊரில் சைவ உணவைப் பற்றிப் பேச அழைத்தார்கள். ஒரு பக்க அளவே எழுதியிருந்த உரையை வாசிக்கத் தொடங்கியதும் கண் மங்கிற்று, கை நடுங்கிற்று. மீதியை மஜும்தார் வாசித்துத் தீர்த்தார். 1891இல் தாயகம் திரும்பு முன், ஹோல்பர்ன் உணவு விடுதியில் நண்பர்களுக்கு விருந்தளித்தார். பார்லிமெண்டில் ஒரே தொடக்கத்தை மும்முறை கூறியும் மேலே செல்லமாட்டாமல் உட்கார்ந்த அடிஸன் என்ற ஆங்கில எழுத்தாளரின் கதையைச் சொல்லிச் சிரிக்க வைக்க எண்ணி எழுந்தார். முதல் வாக்கியத்துக்கு மேல் நினைவு வரவில்லை. வந்தவர்களுக்கு நன்றி கூறி உட்கார்ந்துவிட்டார். அடிஸனைப் பற்றிச் சொல்ல எழுந்தவர் தாமே அடிஸன் ஆனார்.

1891 ஜூன் 10ஆம் தேதி பாரிஸ்டராகப் பதிவு பெற்று நாடு திரும்பினார். பம்பாய் ஸ்மால் காஸ் கோர்ட்டில் முதல் வழக்கு வந்தது. கட்சிக்காரி மமிபாய் என்ற மாது. கட்டணம் முப்பது ரூபாய். தரகருக்குப் பங்கு கொடுக்க வேண்டுமென்று பலர் வற்புறுத்தியும் அவர் மறுத்துவிட்டார்; இந்த விஷயத்தில் அவருக்கு அச்சமே இல்லை. பிரதிவாதி தரப்பில் நின்று வாதியின் சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்ய வேண்டும். எழுந்தார். தலை சுற்றியது, கோர்ட்டே சுழல்வது போலிருந்தது, கேட்பதற்கு ஒரு கேள்வியும் தோன்றவில்லை. உட்கார்ந்துவிட்டார். தம்மால் இயலாதென்றும், பட்டேல் என்ற வக்கீலை அமர்த்திக்கொள்ளும்படியும் சொல்லி, வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியேறினார்.

இவ்வளவும் வாசித்த மாணாக்கர் ஒருவர், இவர் எப்படிப் பேச்சாளர் ஆனார் என்று கேட்பார். அதற்கு விடை 1893இல், தென்னாப்பிரிக்காவில் பிரிட்டோரியா நகரில் கிடைக்கிறது.

தாதா அப்துல்லா கம்பெனியின் வழக்கு நிமித்தமாக அவ்வருஷம் அங்கே சென்றார். முதல் வகுப்புச் சீட்டு வைத்திருந்தும், மாரிட்ஸ்பர்க் ஸ்டேஷனில் ரயிலிலிருந்து தள்ளப்பட்டார். கோச்சு வண்டியில் அடிபட்டார். பிரிட்டோரியா சேர்ந்த ஒரு வாரத்திற்குள், அங்குள்ள இந்தியர் யாவரையும் ஒரு கூட்டமாகக் கூட்டினார். அங்கே அவர் பேசினார். எழுதி வைத்துக்கொண்டு வாசித்தாரல்லர். பாதியில் உட்காரவும் இல்லை. வியாபாரத்தில் உண்மை வேண்டும், சுத்தம் வேண்டும், ஜாதி மத மாகாண பேதங்களை மறக்க வேண்டும், குறைகளை எடுத்துரைக்க ஒரு சங்கம் வேண்டும் என்று தெளிவாக எடுத்துரைத்தார். அவர் வாழ்க்கையில் முதல் பொதுப் பிரசங்கம் என்று சொல்லத்தக்கது அதுவே. இங்கிலீஷ் கற்க விரும்புவோருக்குத் தாமே கற்பிப்பதாகவும் சொன்னார். மூவர் முன்வந்தனர்: ஒருவர் அம்பட்டர், ஒருவர் குமாஸ்தா, ஒருவர் சிறு கடைக்காரர். அவர்கள் இருக்குமிடம் தேடிச் சென்று சுமார் எட்டு மாதம் கற்பித்தார்.

என்ன மாறியது? குரல் மாறவில்லை, உடம்பு மாறவில்லை, எந்த ஆசிரியரிடமும் புதிதாகப் பயிலவில்லை. லண்டனில் அவர் எழுந்து நின்றபோதெல்லாம், தாம் எவ்வாறு காணப்படுகிறோம் என்ற நினைவே உள்ளத்தை நிறைத்திருந்தது. பிரிட்டோரியாவிலோ, தாம் அனுபவித்த அவமானத்தை எதிரே அமர்ந்தவர்களும் நாள்தோறும் அனுபவிக்கிறார்கள் என்பதை அறிந்து பேசினார். சொல்லியே தீர வேண்டிய பொருள் ஒன்று உள்ளத்தில் இருந்தது. அதைக் கேட்டே தீர வேண்டியவர்கள் எதிரே இருந்தார்கள். தன்னைப் பற்றிய நினைவு ஒதுங்கவே, நா எழுந்தது.

தம் நா எழுந்ததோடு அவர் திருப்தியடையவில்லை என்பதே இச்சரித்திரத்தில் நாம் மிகவும் போற்றும் பகுதி. 1894இல் நேட்டால் இந்தியர் காங்கிரஸ் தோன்றிற்று. அதன் அங்கத்தினரில் பலர் பொதுக் கூட்டத்தையே கண்டறியாதவர்கள். எழுந்து பேச ஒவ்வொருவரும் தயங்கினர். பேசுவோருக்குச் சுருக்கமாக, விஷயத்தை விட்டு விலகாமல் பேசத் தெரியவில்லை. காந்தியடிகள் அவர்களுக்குச் சபை நடத்தும் விதிகளை எடுத்து விளக்கினார். அவர்களும் அதனை ஒரு கல்வியாக ஏற்றனர். சபையில் வாய் திறந்தறியாத பலர், பொது விஷயங்களைப் பற்றிச் சிந்திக்கவும் பேசவும் பழகிக்கொண்டனர். அந்நாட்டிலேயே பிறந்த இந்திய வாலிபர்களுக்கென்று தனியே ஒரு கல்விச் சங்கமும் காங்கிரஸின் ஆதரவில் அமைந்தது. ஒப்பந்தக் கூலிகளாய்ச் சென்ற குடும்பங்களில் பிறந்தவர்கள் அதில் மிகுதி. சிறு சந்தா கொடுத்து, தவறாது கூடி, ஒருவர் பேச, ஒருவர் கட்டுரை வாசிக்க, தம் குறைகளையும் தேவைகளையும் அங்கே வெளியிட்டனர். ஒரு சிறு வாசகசாலையும் இருந்தது. அவையஞ்சும் மாணாக்கருக்கு இதைவிடச் சிறந்த பள்ளிக்கூடத்தை நாம் அறியோம்.

அவ்வருஷத்திலேயே பாலசுந்தரம் என்ற தமிழர் ஒருவர் அவரிடம் வந்தார். ஒப்பந்தக் கூலி. முதலாளி அடித்ததில் முன்பற்கள் இரண்டு உடைந்து, வாயில் இரத்தம் வழிய, தலைப்பாகையைக் கையில் ஏந்தி அழுதுகொண்டு நின்றார். காந்தியடிகளிடம் குமாஸ்தாவாக இருந்த தமிழரே அவர் கதையை விளக்கினார். வெள்ளையர் முன் கூலிகள் தலைப்பாகையைக் கழற்றிவிட வேண்டும் என்ற வழக்கத்தால் அவர் இங்கும் அப்படி நின்றார். அதை மறுபடி கட்டிக்கொள்ளும்படி காந்தியடிகள் சொன்னார். தயங்கித் தயங்கிக் கட்டிக்கொண்ட அவர் முகம் மலர்ந்தது. பின்னர் வழக்குத் தொடர்ந்து, அவரை அந்த முதலாளியிடமிருந்து விடுவித்து வேறொருவரிடம் மாற்றுவித்தார். உடைந்த வாயோடு வந்த ஏழைத் தமிழருக்காகப் பேசியவர், மூன்று வருஷத்திற்கு முன் தம் வாயைத் திறக்கமாட்டாதவர்!

இத்துடன் கூச்சம் அறவே ஒழிந்தது என்று நாம் சொன்னால் அது உண்மையாகாது. 1896 செப்டம்பர் 26ஆம் தேதி பம்பாயில் ஸர் பிரோஸ்ஷா மேத்தா தலைமையில் பெரிய கூட்டம் கூடியது. அச்சிட்ட பிரசங்கத்தைக் காந்தியடிகள் வாசிக்க எழுந்தார். உடல் நடுங்கியது. உரக்க வாசிக்கும்படி மேத்தா தூண்டத் தூண்டக் குரல் இறங்கியது. முடிவில் தின்ஷா வாச்சா அதை வாங்கி வாசித்தார்; சபை ஆரவாரித்தது. அதே அக்டோபர் 26ஆம் தேதி சென்னைப் பச்சையப்பன் மண்டபத்தில் கூட்டம். பாலசுந்தரத்தின் கதை சென்னை மக்களின் உள்ளத்தை உருக்கியது. நீண்ட அந்தப் பிரசங்கத்தை அவர்கள் ஒரு சொல்லும் விடாமல் கேட்டனர். 1901இல் கல்கத்தா காங்கிரஸில், வாச்சாவே தலைமை வகிக்க, தென்னாப்பிரிக்கத் தீர்மானத்தின்மேல் பேச எழுந்தார். முடிக்கும் நேரம் நெருங்குகிறது என்று எச்சரிக்க அடித்த மணியை, நேரம் முடிந்ததென்று எண்ணி உடனே உட்கார்ந்துவிட்டார். ஆகவே, கூச்சம் ஒரே நாளில் விட்டோடும் வியாதியன்று. ஒரு மாதம் தோற்றவர் அடுத்த மாதம் வென்றார். வென்றவர் மீண்டும் தடுமாறினார். ஆயினும் எழுந்து நிற்பதை அவர் விட்டாரில்லை.

1906 செப்டம்பர் 11ஆம் தேதி ஜோஹானஸ்பர்க் எம்பயர் நாடகக் கொட்டகையில் சுமார் மூவாயிரம் இந்தியர் கூடியபோது, சத்தியம் செய்வதன் பொறுப்பை அவர் விளக்கினார். ஆவேசமூட்டவில்லை. சிறை, அடி, பொருள் நஷ்டம் யாவும் வரும். தன்னந்தனியே நிற்கவும் துணிந்தவரே கை தூக்க வேண்டும் என்று எச்சரித்தார். சத்தியாக்கிரகம் அங்கே பிறந்தது. 1916 பிப்ரவரியில் காசி இந்து சர்வகலாசாலை விழாவில், மகாராஜாக்களும் பெரிய உத்தியோகஸ்தர்களும் சூழ்ந்த சபையில், மாணாக்கரை நோக்கிப் பேசினார். சொந்த நாட்டில் அன்னிய பாஷையில் பேச நேர்ந்த அவமானத்தைக் குறிப்பிட்டார். நகைகளால் மின்னிய சிற்றரசர்களையும் விட்டுவைக்கவில்லை. சலசலப்பு மிகுந்து கூட்டம் இடையிலேயே முடிந்தது. அவர் அஞ்சினாரில்லை. அதே மாதம் சென்னை மாணாக்கரிடம் ஆசிரம விரதங்களைப் பற்றிப் பேசுகையில், அஞ்சாமையையும் ஒரு விரதமாகவே எடுத்துரைத்தார்.

வக்கீல் தொழிலைச் சேர்ந்த நமக்கு மறக்கவொண்ணாத நாள் 1922 மார்ச் 18. ஆமதாபாத்தில் ஜட்ஜ் புரூம்பீல்டு முன், இராஜத்துவேஷக் குற்றம் சாட்டப்பட்டுக் காந்தியடிகள் நின்றார். குற்றத்தை ஒப்புக்கொண்டார், தாம் ஏன் இராஜ விசுவாசியாயிருந்து ஒத்துழையாதவர் ஆனார் என்பதை எடுத்துரைத்தார், சட்டம் அனுமதிக்கும் உச்ச தண்டனையை விதிக்கும்படி கேட்டுக்கொண்டார். ஆறு வருஷச் சிறை விதித்த நீதிபதியே தலை வணங்கினார். ஸ்மால் காஸ் கோர்ட்டில் முப்பது ரூபாய் வழக்கில் ஒரு கேள்வியும் கேட்கமாட்டாமல் உட்கார்ந்த பாரிஸ்டருக்கும் இந்தக் குற்றவாளிக்கும் இடையே உள்ள காலம் சுமார் முப்பது வருஷம். பேச்சு அலங்காரத்தில் அப்போதும் அவருக்கு நாட்டமில்லை. மெல்லிய குரல், சிறு வாக்கியம், கையசைவு இல்லை. கூச்சத்தினால் தமக்கு நஷ்டமில்லை, சொல்லைச் சிக்கனமாகச் செலவிடக் கற்றுக்கொடுத்தது அதுவே என்று அவரே தம் சுயசரிதையில் எழுதி வைத்தார்.

இனி, நம் பள்ளிகளுக்கு வருவோம். உபாத்தியாயர்கள் மாணாக்கருக்குப் பிரசங்கத்தை எழுதிக் கொடுப்பதை நிறுத்த வேண்டும். சொல்வதற்குப் பொருளைத் தேடும் வழியைக் காட்ட வேண்டும். செல்லூர்க் கண்மாயின் நிலை, தறிக்காரர் வீட்டு வரவு செலவு, தெருவின் சாக்கடை, இவற்றை நேரில் சென்று பார்த்து வந்த சிறுவனுக்கு வார்த்தை தானே வரும். முதலில் தமிழில் பேசட்டும். வீட்டில் தாயிடம் பேசும் பாஷையில் நா திருந்திய பின், இங்கிலீஷில் நிற்கவும் அவனுக்குத் திடம் பிறக்கும். ஆண்டுக்கொரு விழா மேடை போதாது. வாரந்தோறும் பத்துப் பதினைந்து பேர் கூடும் சிறு சபை வேண்டும். அதில் நேட்டால் விதிகளே போதும்: ஒவ்வொருவரும் எழுந்து நிற்க வேண்டும், சுருங்கப் பேச வேண்டும், விஷயத்தை விட்டு விலகலாகாது. நாம் ஒன்றைச் சேர்க்கிறோம்: தடுமாறுபவனைக் கண்டு எவரும் சிரிக்கலாகாது. பேசாத மாணாக்கனை முட்டாள் என்று முத்திரையிடும் ஆசிரியர், தம் வகுப்பின் கடைசிப் பலகையில் எத்தகையவர் உட்கார்ந்திருக்கிறார் என்பதை அறியார்.

மாணாக்கருக்கும் ஒரு சொல். நடுக்கம் நின்ற பிறகு பேசலாம் என்று காத்திருக்க வேண்டாம். நடுக்கத்தோடேயே எழுந்திருங்கள். உங்களுக்காகப் பேசக் கூச்சமாக இருந்தால், உங்களைவிட எளியவன் ஒருவனுக்காகப் பேசத் தொடங்குங்கள். வையையின் வடகரையிலேயே, தமுக்கம் மாளிகையில், 1959இல் திறக்கப்பட்ட காந்தி நினைவு அருங்காட்சியகம் இருக்கிறது. 1921 செப்டம்பர் 22ஆம் தேதி, ஏழைகளின் உடையைத் தம் உடையாக அவர் ஏற்றுக்கொண்டதும் இந்த மதுரையில்தான். அங்கே போகும் மாணாக்கர் மகாத்மாவை மட்டும் தரிசித்துத் திரும்ப வேண்டாம். பள்ளி மணி அடித்ததும் எவரோடும் பேச அஞ்சி ஓடிய ராஜகோட்டைச் சிறுவனையும் எண்ணிப் பார்க்கட்டும். அந்தச் சிறுவனால் முடிந்தது செல்லூர்ச் சிறுவனாலும் முடியும்.